கேள்வியை எழுதுவது யார்?

வன்னியில் கணக்கெடுப்பு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2009க்குப் பிறகு எத்தனை படிவங்கள் நிரப்பிக் கொடுத்திருப்போம்! குடும்பத்தில் எத்தனை பேர், காணாமலாக்கப்பட்டவர் உண்டா, கிணறு உண்டா, கடன் எவ்வளவு. படிவம் போய்விடும். பிறகு கோழிக்குஞ்சோ தையல் இயந்திரமோ வரும், அல்லது ஒன்றுமே வராது.

ஊடகக் கற்கை முடித்த காலத்தில் நானும் சில மாதங்கள் இந்தப் படிவம் நிரப்பும் வேலைக்குப் போனேன். ‘இளம் பெண்களின் தேவைகள்’ என்று அதில் ஒரு பகுதி இருந்தது. பதினாறு வயதுப் பிள்ளையிடம் கேட்கும் கேள்விக்கு அம்மா பதில் சொல்வார், சில வீடுகளில் பெரியப்பா சொல்வார். பிள்ளை கதவு நிலையோடு நின்று தலையாட்டும். அந்தத் தலையாட்டல்தான் அறிக்கையில் ‘பெண்பிள்ளைகளின் கருத்து’ என்று பதிவானது.

இதற்கு மாற்றாக வேறு நாடுகளில் ஒரு வழியை முயன்று பார்த்திருக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கே ஆய்வுப் பயிற்சி கொடுத்து, தம் வயதுப் பிள்ளைகளிடம் அவர்களே போய்க் கேட்கச் செய்வது. சமவயது ஆய்வாளர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். அதிகம் பேசப்பட்ட உதாரணம் ‘டெகா’. நைக் பவுண்டேஷனிலிருந்து தோன்றி, பின்னர் தனி அமைப்பாகி, லண்டனைத் தளமாகக் கொண்டு இயங்கும் ‘கேர்ள் எஃபெக்ட்’ இதை வட நைஜீரியாவில் தொடங்கியது. பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உள்ள பெண்களுக்கு நேர்காணல் செய்யக் கற்றுக்கொடுத்து, கையில் ஒரு ஸ்மார்ட் தொலைபேசியைக் கொடுத்தார்கள். அதிலுள்ள செயலியில் கேள்விகள் இருக்கும். பதில்கள் குரலாகவும் காணொளியாகவும் பதிவாகும். பயிற்சி முடித்தவர்களுக்கு பிரித்தானியாவின் சந்தை ஆய்வுச் சங்கம் அங்கீகரித்த சான்றிதழும் கிடைத்தது.

இதில் தொழில்நுட்பம் எனக்குப் பெரிய விடயமாகப் படவில்லை. வெளி ஆண் ஒருவர் வீட்டுக்குள் போய் இளம் மனைவியிடம் பேசுவதே முடியாத ஊர்களில், அதே பேச்சுவழக்கோடு, அதே முக்காட்டோடு, வாசலில் வாகனம் நிறுத்தாமல் ஒருத்தி போகிறாள். அப்போது சொல்லப்படும் கதை வேறு.

ஆனால் இங்கே ஒரு சந்தேகமும் எழுகிறது. இத்தகைய ஆய்வுகளில் எதைக் கேட்பது என்பதைப் பெரும்பாலும் ஆய்வுக்குப் பணம் கொடுப்பவரே முடிவு செய்கிறார். பிள்ளை கேட்டு வருகிறாள், பதில் அவளைத் தாண்டிப் போய்விடுகிறது. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய நூலொன்றில் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அதன் கீழ் மூன்று படிகளை, அதாவது பிள்ளைகளைக் கருவியாக்குவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குச் சேர்ப்பது ஆகியவற்றை, அவர் பங்கேற்பு என்றே கணக்கில் எடுக்கவில்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையும் பிள்ளையின் கருத்துக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. எங்கள் பாடசாலை விழா மேடைகளில் பூச்செண்டோடு நிற்கும் பிள்ளைகள் அந்த ஏணியின் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பது வாசகருக்கே தெரியும்.

பங்களாதேஷில் கொக்ஸ் பஸார் முகாம்களில் நடந்தது எனக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். 2017 ஓகஸ்டுக்குப் பிறகு ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவசரத்தில் கட்டிய மலசலகூடங்கள் பலவற்றில் வெளிச்சமில்லை, பூட்டு இல்லை. அங்கே போவதைத் தவிர்க்கப் பெண்கள் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்தார்கள். எண்ணிக்கைக் கணக்கில் மலசலகூடம் கட்டியாயிற்று. பயன்படுத்த முடியவில்லை என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. பின்னர் ஒக்ஸ்பாம் அமைப்பு, ரோஹிங்யாப் பெண்களையும் பெண்பிள்ளைகளையும் பெண் கட்டடக் கலைஞர்களோடு இருத்தி, மலசலகூடமும் குளிக்கும் இடமும் எப்படி இருக்க வேண்டுமென்று அவர்களையே திட்டமிடச் செய்தது. மாதவிடாய்த் துணியைப் பிறர் பார்க்காமல் கழுவ ஓர் இடம் வேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் வெளிவரும். மெனிக் பாமில் வரிசையில் நின்ற அக்காமாருக்கும் அம்மாமாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

திட்டம் முடிந்தபின் நடக்கும் மதிப்பீட்டிலும் இதே கதைதான். எத்தனை பேர் வந்தார்கள் என்று வரவு இடாப்பு சொல்லும். வராதவள் ஏன் வரவில்லை என்பதை அவளுடைய சிநேகிதிதான் சொல்லுவாள். எதியோப்பியா உள்ளிட்ட சில ஆபிரிக்க நாடுகளில் இளைஞர் நிலையங்களுக்கு உண்மையில் யார் வருகிறார்கள் என்று தேடிப் பார்த்தபோது, பெரும்பாலும் வயதில் மூத்த ஆண்களே வந்துகொண்டிருந்தார்கள். ‘இளைஞர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பன்னிரண்டு வயதுச் சிறுமி காணாமற்போயிருந்தாள்.

இதை அப்படியே முல்லைத்தீவுக்கோ வாகரைக்கோ கொண்டுவரலாமா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. கேள்வி கேட்கும் பிள்ளையும் பதில் சொல்லும் பிள்ளையும் ஒரே கோயிலுக்கு, ஒரே ரியூசனுக்குப் போகிறவர்கள். ஒருத்தி தனக்கு வீட்டில் நடக்கும் துன்பத்தைச் சொல்லிவிட்டால், கேட்டவள் அந்தச் சுமையோடு எங்கே போவாள்? 1929க்கோ 1938க்கோ அழைப்பதோடு அது முடியாது. அவளுக்குப் பின்னால் நம்பகமான ஒரு பெரியவர் நிற்க வேண்டும். சிவில் உடையில் வந்து ‘என்ன விசாரிக்கிறீர்கள்’ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கும் ஊரில், பதிவு செய்யும் தொலைபேசியை ஒரு பிள்ளையின் கையில் கொடுப்பது சின்ன விடயமல்ல. அந்த ஒலிப்பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் அழிக்கிறார்கள் என்பது முதல் நாளே தெளிவாக வேண்டும்.

கூலியும் இருக்கிறது. கள உத்தியோகத்தருக்குச் சம்பளமும் எரிபொருட் செலவும் உண்டு, அதே வேலையைச் செய்யும் பிள்ளைக்கு ஒரு சான்றிதழும் சிற்றுண்டிப் பொதியும். வறுமையில் படிப்பை விட்டவளிடம் இதைத் ‘தன்னார்வம்’ என்று சொல்வது நியாயமில்லை.

அடுத்த முறை ஊருக்குப் படிவத்தோடு வருபவர்களிடம் மாதர் சங்கங்கள் சில விடயங்களைக் கேட்டுப் பார்க்கலாம். இந்தக் கேள்விகளை எழுதும்போது எங்கள் பிள்ளைகள் இருந்தார்களா? ஆங்கில அறிக்கை கொழும்புக்குப் போகுமுன் தமிழில் எங்களுக்கு வாசித்துக் காட்டுவீர்களா? தான் சொன்னது பிழையாக வந்திருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த வரியை வெட்டுவீர்களா?