உப்புப் போத்தலும் குரங்கின் கண்ணும்

சகோதரிகளே, உங்கள் குசினியில் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது? "தேயிலை டின்னுக்குப் பக்கத்தில்" என்பீர்கள். யாராவது அந்த டின்னைத் தள்ளி வைத்துவிட்டால் உங்கள் கண்ணும் அந்தப் பக்கமே போகிறதல்லவா?

கனடாவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் இதைக் குரங்குகளிடம் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். திரையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். அருகே அடையாளமாக, ஒன்றையொன்று வெட்டும் இரு கோடுகள். சற்று நேரத்தில் கோடுகள் மட்டும் கொஞ்சம் நகர்ந்து தோன்றும். புள்ளி இருந்த இடத்தைக் குரங்கு நினைவிலிருந்து பார்க்க வேண்டும். அதன் பார்வை கோடுகள் நகர்ந்த பக்கமாகச் சரிந்தது. ஆனால் முழுத் தூரமும் போகவில்லை. மூளை அடையாளத்தை நம்புகிறது, தன் சொந்தக் கணக்கையும் விடுவதில்லை. கெட்டிக்கார மூளைதான்!

இன்னொரு புதுமை. நடந்து திரியும் எலியின் மூளையில், கட்டம் போட்டு இடத்தை அளக்கும் கலங்கள் இருப்பது 2005இல் தெரியவந்தது. இதற்கு 2014இல் நோபல் பரிசும் கிடைத்தது. அமெரிக்காவில் 2012இல் குரங்குகளைப் பார்த்தபோதோ, அவை நடக்கவே இல்லை. இருந்த இடத்திலிருந்து படங்களைக் கண்ணால் மேய்ந்தன. அதற்கே அத்தகைய கலங்கள் வேலை செய்தன!

இந்தக் கலங்கள் இருக்கும் 'என்டோரைனல்' பகுதியைத்தான் அல்சைமர் என்னும் மறதி நோய் முதலில் தாக்குகிறது. பெருநாளைக்கென்று நீங்கள் அலுமாரியை இடம் மாற்றிய பிறகு, மறதி வந்த உம்மா குளியலறை வாசலைத் தேடித் தடுமாறுகிறாரா? கோபிக்க வேண்டாம். அலுமாரியைப் பழைய இடத்திலேயே வைத்துப் பாருங்கள்.