அப்பாவின் முதுகுவலியும் ஓர் ஊசியும்

கெர்லிங் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு முதுகுவலி புதிதல்ல. அன்று காண்டாவில் பால் வாளி சுமந்தவர்களின் இடுப்பு தேய்ந்தது. இன்று நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்தபடி செம்பனைக் குலை வெட்டுகிறவர்களின் முதுகு நோகிறது. என் தந்தையும் அவர்களில் ஒருவர். தைலத்திலும் மாத்திரையிலும் அடங்காத வலிக்கு மருத்துவர் ஊசிச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபோது அப்பா கேட்டார்: "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடுமா? போடறதா இருந்தா முழுசா மயக்கிடச் சொல்லு."

விடை தேடி நான் தெரிந்துகொண்டவை உங்கள் வீட்டுக்கும் பயன்படலாம்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்கிறார்கள். அது முதுகெலும்பின் சிறு மூட்டுகளிலிருந்து வருகிறதா என்று அறிய, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, அம்மூட்டுகளின் நுண்நரம்பருகே மரத்துப்போகும் மருந்தைச் சிறிதளவு செலுத்துகிறார்கள். சில மணி நேரம் வலி நன்கு தணிந்தால், வலியின் இடம் பெரும்பாலும் அதுதான். பிறகு ரேடியோ அலை மின்னோட்டத்தால் ஊசி முனையைச் சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அந்நரம்பைச் செயலிழக்கச் செய்யலாம். காலை இயக்கும் நரம்பு வேறு. அதனருகே ஊசி இல்லை என்பதை மின்தூண்டல் கொடுத்துச் சோதிப்பார்கள். கிருமித்தொற்று, நரம்புக் காயம் போன்றவை அரிது. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. நரம்பு மீண்டும் வளர்வதால், பலன் பொதுவாக 6 மாதம் முதல் ஓராண்டு வரை நீடிக்கும்.

முழு மயக்கம் ஏன் வேண்டாம்? ஊசி நரம்பைத் தொட்டால், "காலில் மின்சாரம் பாய்கிறது" என்று உடனே சொல்ல நோயாளி விழித்திருக்க வேண்டும். சோதனை ஊசியின்போது மயக்க மருந்தே வலியை மறைத்தால் முடிவும் பிழையாகும். அதிகம் பதறுபவர்களுக்கு மட்டும் மிடாசோலம் போன்ற மருந்தால் இலேசான உறக்கநிலை தருவார்கள். அதற்கு முன் 6 மணி நேரம் உணவு கூடாது. தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவைக் காட்டிக்கொண்டிருக்கும். பிறகு 24 மணி நேரம் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது.

ஊசி மட்டும் போதாது. செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் மேரி கார்டோசா குழுவினர் நடத்திய 'மெனாங்' திட்டம், உடற்பயிற்சியாலும் மனப்பயிற்சியாலும் வலியை ஆளக் கற்றுத் தந்தது. மலாயில் அச்சொல்லுக்கு 'வெற்றி' என்று பொருள்.

மாணவர்களே, வலி நிபுணர்களில் பலர் மயக்கவியல் படித்தவர்கள். மருத்துவப் பட்டம் 5 ஆண்டு, பயிற்சி மருத்துவம் 2 ஆண்டு, முதுகலை 4 ஆண்டு என்று பாதை நீளமானது. அதுவரை நம்மால் இயன்ற ஒரு வேலை உண்டு. மருத்துவமனையில் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். ஒப்புதல் படிவத்தில் அவர்கள் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது சோதனையா, சிகிச்சையா? பலன் எவ்வளவு காலம்? மயக்கம் அவசியமா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகுதான் அப்பா சோதனை ஊசிக்குச் சம்மதித்தார்.