பைப்புக்குள் ஒரு ரேடியேட்டர்: உலோகத் தண்டு புகையைக் குளிரவைக்கும், ஆபத்தைக் குறைக்குமா?

இட்லி வெந்ததும் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்தால், உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள் தொங்கும். சூடான நீராவி, தன்னைவிடக் குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் தண்ணீராகிவிடுகிறது. அடுப்படியில் தினமும் நடக்கும் இந்தச் சமாச்சாரத்தை வைத்துத்தான், 1930-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு பேராசிரியர் புகையிலை பைப்பை மாற்றி அமைத்தார்.

அவர் பெயர் ஃபிரெட்ரிக் கர்ஸ்டன். ஜெர்மனியில் பிறந்தவர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர். 1920-களில் போயிங் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு புது வகை உந்துவிசைச் சுழலியை வடிவமைத்தவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் உள்ள காற்றுச் சுரங்கம், அதாவது விமான மாதிரிகளைக் காற்றில் வைத்துச் சோதிக்கும் கூடம், இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. சிகரெட்டை விட்டுவிட்டு பைப்புக்கு மாறுங்கள் என்று மருத்துவர் சொன்னதால் அவர் பைப்பைக் கையில் எடுத்தார் என்பது, அவர் பெயரில் வந்த பைப்போடு சேர்ந்தே சொல்லப்படும் கதை. எடுத்தவருக்கு எரிச்சல்தான் மிச்சம். புகை சூடாக இருந்தது, ஈரமாக வேறு இருந்தது.

அந்த எரிச்சலுக்குக் கிடைத்த விடைதான் உலோகத் தண்டு பைப். கிண்ணத்தைக் கழற்றி மாற்றிக்கொள்ளும் வசதியும் இதோடு சேர்ந்தே வந்தது.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

பைப் புகையிலை காய்ந்த சருகாக விற்கப்படுவதில்லை. கையில் எடுத்தால் லேசாகப் பிசுபிசுக்கும் அளவுக்கு ஈரம் இருக்கும். அந்த ஈரம் ஒரு பங்கு. எந்தச் செடிப்பொருள் எரிந்தாலும் நீராவி உண்டாகும், அது இன்னொரு பங்கு. இரண்டும் புகையோடு கலந்து குறுகலான துளை வழியாக வாயை நோக்கி வருகின்றன.

முழுக்க மரமும் ரப்பரும் கொண்ட வழக்கமான பைப்பில் அந்த நீராவி நடுவழியில் தண்ணீராகித் துளையிலேயே தேங்கும். இழுக்கும்போது 'களக் களக்' என்று சத்தம் வரும். சில சமயம் கசப்பான பழுப்புத் தண்ணீர் நாக்கிலேயே வந்து விழும். தண்ணீராக மாறாத நீராவி நாக்கைச் சுடும். பைப் பிடிப்பவர்கள் இதை 'டங் பைட்' என்கிறார்கள். நாக்கு கடிபட்டது போல மறுநாள் வரை எரியும்.

கர்ஸ்டன் செய்தது இதுதான்: தண்டை அகலமான அலுமினியக் குழாயாக்கினார், அதன்மேல் மரக் கிண்ணத்தை உட்கார வைத்தார். குழாய்க்குள் உருவிச் சுத்தம் செய்யக்கூடிய ஒரு உலோகக் கம்பி. நீராவி குழாயின் சுவரில் பட்டுத் துளியாகி அடியில் தங்கிவிடும், புகை மேலே தன் வழியில் போகும். கார் எஞ்சினின் சூட்டை வெளியே தள்ளும் ரேடியேட்டர் பெயரையே இதற்கும் வைத்தார்கள்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் கென்லி பக் என்ற இன்னொரு அமெரிக்கப் பொறியாளர் வேறு வழியில் யோசித்தார். அவருடைய பைப்தான் 'ஃபால்கன்'. இதில் தண்டு ஒல்லியானது. தண்டின் முனையில் சின்னக் கிண்ணி போன்ற ஒரு குழிவு இருக்கும். மரக் கிண்ணத்தை அதன்மேல் பாட்டில் மூடி போலத் திருகவேண்டும். ஈரம் எல்லாம் அந்தக் குழிவில் சேரும். பிடித்து முடித்து, ஆறியதும் திருகிக் கழற்றி, ஒரு டிஷ்யூவால் துடைத்தால் வேலை முடிந்தது. 1950-களில் இது பிரிட்டனுக்குப் போய், பின்னர் அங்கேயே தயாராகி, சாதாரண வேலைக்குப் போகும் ஆட்களின் சட்டைப்பையில் இடம்பிடித்தது. உலோகத் தண்டு பைப் என்றால் இன்றும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஃபால்கன்தான்.

தண்டு உலோகம் என்றால், கிண்ணம் மட்டும் ஏன் மரம்?

சுடச்சுட காபி ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை வெறும் கையால் பிடித்தவர்களுக்கு விடை தெரியும். அலுமினியம் இன்னும் மோசம். மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் புகையிலையின் சூடு பல நூறு டிகிரி. கிண்ணமும் உலோகமாக இருந்தால் கையில் பிடிக்கவே முடியாது.

அதனால் கிண்ணத்துக்கு பிரையர். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் 'எரிக்கா ஆர்போரியா' என்ற புதர்ச்செடியின் அடிவேரில் திரளும் முண்டு அது. வெட்டி, மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகுதான் கடைசலுக்கு வரும். எளிதில் தீப்பற்றாது, சூட்டையும் சட்டென வெளியே விடாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பிரான்ஸின் சென்ட் கிளாட் ஊரில் இதை வைத்து பைப் செய்கிறார்கள்.

இங்கே விளம்பரத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லிவிட வேண்டும். உலோகத் தண்டு பைப்பை விற்றவர்கள் பெரிதாகச் சொன்னது 'குளிர்ச்சி'யை. ஆனால் அதன் நிஜமான பலன் ஈரம் குறைவது. சூட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இழுப்பவரின் வேகம். படபடவென்று இழுப்பவருக்கு எந்த உலோகமும் கைகொடுக்காது. மெதுவாக இழுப்பவருக்கு மர பைப்பும் பெரிதாகச் சுடாது.

ஒரு தண்டு, நான்கு கிண்ணம்

மர பைப்பை ஒருமுறை பிடித்தால் குறைந்தது ஒரு நாளாவது உலரவிடவேண்டும் என்பது பழைய வழக்கம். ஈரம் ஊறிய மரத்தில் மறுபடி நெருப்பு வைத்தால் புகை புளிக்கும், நாளடைவில் கிண்ணமும் விரிசல் விடலாம். எனவே தினமும் பிடிப்பவருக்கு நான்கைந்து பைப் தேவைப்பட்டது. திருகும் கிண்ணம் வந்ததும் கணக்கு மாறியது: ஒரே தண்டு, மாற்றி மாற்றி உலர மூன்று நான்கு கிண்ணம். செலவும் குறைவு, பையில் இடமும் குறைவு.

வாசனை இன்னொரு காரணம். மரம் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சைப்ரஸில் விறகுப் புகையில் வாட்டப்படும் 'லட்டாக்கியா' புகையிலையை ஒரு கிண்ணத்தில் பிடித்துவிட்டு, அதிலேயே வெனிலா வாசனைப் புகையிலையைப் போட்டால் இரண்டும் கெட்டுப்போகும். மீன் குழம்பு வைத்த சட்டியில் பாயசம் காய்ச்சுவது மாதிரி. தனித்தனி கிண்ணம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் பொருத்தம். 'மாற்றக்கூடிய கிண்ணம்' என்று போட்டிருப்பதாலேயே எல்லாக் கிண்ணமும் எல்லாத் தண்டிலும் உட்காராது. ஃபால்கனில் கிண்ணத்தின் அடியிலேயே திருகு இருக்கும். கர்ஸ்டனில் தனியாக ஒரு உலோகத் திருகாணி கிண்ணத்தைத் தண்டோடு பிடித்து வைக்கும். ஒன்றின் கிண்ணம் மற்றொன்றுக்கு ஆகாது. உதிரிக் கிண்ணம் கிடைக்காத வகையை வாங்கினால், இந்த அமைப்பின் பாதி லாபம் அங்கேயே போய்விடும்.

பழைய பைப் வாங்குபவர்கள் கண்ணைவிடக் கையை நம்பலாம். கிண்ணத்தைத் திருகிப் பார்க்கவேண்டும்; வழுக்கிச் சுற்றினால் திருகு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கர்ஸ்டன் என்றால் உள்கம்பியை உருவிப் பார்க்கவேண்டும். வருடக்கணக்கில் கிடந்த தார் பசை போல இறுகி, அசையவே விடாமல் பிடித்திருக்கும். சாராயக் கரைசலில் ஊறவைத்தால் பெரும்பாலும் இளகும். குறடு போட்டு இழுத்தால் கம்பிதான் வளையும். கிண்ணத்தின் உள்சுவரில் விரிசலோ கருகிய பள்ளமோ இருந்தால் வேண்டாம். தண்டு நன்றாக இருந்து கிண்ணம் மட்டும் போயிருந்தால் தாராளமாக வாங்கலாம்.

ஃபால்கனின் பலவீனம் பலர் கவனிக்காத இடத்தில் இருக்கிறது. அதன் பல வகைகளில் வாயில் வைக்கும் முனை தண்டோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். பல்லால் கடித்துக்கொண்டே இருப்பவர்கள் அதை ஓட்டை போட்டுவிட்டால் தண்டே வீண். முனையில் மாட்டும் சின்ன ரப்பர் உறை இதற்குத்தான்.

பிடிக்கும் விதம்

புகையிலையை அடைத்துத் திணிக்கக் கூடாது. அடியில் தளர்வாக, மேலே கொஞ்சம் அழுத்தமாக, மூன்று தவணையாகப் போடுவது வழக்கம். பற்ற வைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பார்த்தால் ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சும் அளவுக்கு லேசான தடை தெரியவேண்டும். முதல் நெருப்பில் புகையிலை எழும்பும், அதை மெல்ல அமுக்கி இரண்டாம் முறை பற்றவைக்க வேண்டும். தீக்குச்சி போதும், விசையோடு சீறும் ஜெட் லைட்டர் கிண்ணத்தின் விளிம்பைக் கருக்கிவிடும்.

கிண்ணத்தைக் கன்னத்தில் ஒற்ற முடியாத அளவு சுட்டால் கீழே வைத்துவிடுவது நல்லது. அணைந்து போனாலும் பரவாயில்லை, மறுபடி பற்றவைக்கலாம். சூடாக இருக்கும்போது கிண்ணத்தைத் திருகிக் கழற்றவே கூடாது. சூட்டில் மரமும் உலோகமும் ஒரே அளவில் விரிவதில்லை, திருகு பிய்ந்துவிடும்.

ஆறியபின் சாம்பலைக் கொட்டவேண்டும், தண்டை மேசையில் தட்டி அல்ல. குழிவைத் துடைத்து, பஞ்சு சுற்றிய கம்பியைத் தண்டுக்குள் விட்டு எடுத்து, இரண்டையும் தனித்தனியே இரவு முழுக்க விட்டுவிடலாம். குழிவில் போட்டு வைக்க ஈரம் உறிஞ்சும் காகித வளையங்களும் விற்கிறார்கள். தண்டை அவ்வப்போது ஆல்கஹாலால் துடைக்கலாம். மரக் கிண்ணத்தைக் குழாயடியில் காட்டிக் கழுவக் கூடாது. திருகு கிறீச்சிட்டால் பென்சில் முனையை அதில் தேய்த்தால் போதும். மரம் ஈரத்தில் ஊதும் என்பதால் கடைசி வரை இறுக்கித் திருகாமல் இருப்பதே நல்லது.

துடைத்தெடுத்த கசடு என்ன?

டிஷ்யூவில் வரும் அந்தக் கரும்பழுப்புத் தண்ணீரைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: 'அப்பாடா, இவ்வளவும் உள்ளே போகாமல் தப்பித்தோம்!' இந்த பைப் தரும் பெரிய ஏமாற்றம் இதுதான்.

குழிவில் தங்குவது பெரும்பாலும் தண்ணீர், அதில் கரைந்த கொஞ்சம் தார், கொஞ்சம் நிக்கோட்டின். புகையில் இருக்கும் துகள்கள் மிக மிக நுண்ணியவை. அவற்றில் பெரும்பகுதி சுவரில் ஒட்டாமல் காற்றோட்டத்தோடு நழுவி வாய்க்கு வந்துவிடும். கார்பன் மோனாக்சைடு வாயு. அது எந்த அலுமினியத்திலும் துளியாகாது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியே உடலில் ஏறும்.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்வாளர்கள் 1,38,307 ஆண்களை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பைப் மட்டுமே பிடித்தவர்களை, புகையிலையே தொடாதவர்களோடு ஒப்பிட்டார்கள். நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 5 மடங்கு, குரல்வளைப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 13 மடங்கு. சிகரெட் பிடிப்பவர்களைவிட ஆபத்து குறைவுதான், ஆனால் அந்த 'குறைவு' தண்டு உலோகமாக இருப்பதால் வந்ததல்ல. பைப் பிடிப்பவர்கள் பிடிக்கும் அளவும் விதமும் வேறு. சிகரெட்டிலிருந்து மாறுபவர்களோ பழக்கதோஷத்தில் பைப் புகையையும் நெஞ்சுக்குள் இழுத்துவிடுகிறார்கள். நாக்கைச் சுடாத புகையை ஆழமாக இழுப்பது இன்னும் சுலபம். நாக்கு எரிவது ஒரு வகையில் உடம்பு போடும் பிரேக். கர்ஸ்டனும் பக்கும் அந்த எரிச்சலைத்தான் சரிசெய்தார்கள்.

அதனால் ஏற்கெனவே பைப் பிடிப்பவர், ஈரத்தொல்லை இல்லாத ஒன்றைத் தேடினால் உலோகத் தண்டு நல்ல தேர்வு. சிகரெட்டுக்கு 'பாதுகாப்பான' மாற்றாக நினைத்து இதை வாங்கத் தேடுபவருக்கு இது அந்தப் பொருளே இல்லை. கர்ஸ்டனுக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் மருத்துவ ஆலோசனை இன்று எந்த மருத்துவரிடமும் கிடைக்காது.

சட்டமும் பைப்பைத் தனியாகப் பார்ப்பதில்லை. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 'புகைபிடித்தல்' என்பதற்குள் பைப்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பொது இடத்தில் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். விடவேண்டும் என்று நினைப்பவர்கள் கட்டணமில்லாத தேசிய உதவி எண் 1800-11-2356-இல் பேசலாம்.