உஷார்! பெட்டி கட்டும் நேரத்துக் கையெழுத்துகள்

2021 ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை இரவு. ட்ரம்ப் தேர்தலில் தோற்று இரண்டு மாதம் ஆகிவிட்டது. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஏமன் நாட்டின் ஹூதி இயக்கத்தை வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்க்கப் போவதாக அது சொன்னது. நடைமுறைக்கு வரும் நாள் ஜனவரி 19. ட்ரம்ப் ஆட்சியின் கடைசி முழு நாள் அது.

ஹூதிகள் நல்லவர்களா கெட்டவர்களா என்பது வேறு விவாதம். ஏடன் விமான நிலையத்தில் 2020 டிசம்பர் 30 அன்று நடந்த கொடூரத் தாக்குதலை பாம்பியோ காரணமாகக் காட்டினார். ஆனால் அவர் வெளியுறவு அமைச்சர் ஆனது 2018 ஏப்ரலில். ஏமன் போரோ அதற்கு முன்பிருந்தே எரிந்துகொண்டிருந்தது. இரண்டரை ஆண்டுக்கு மேல் கையில் இருந்தபோது எடுக்காத முடிவை, வீட்டுக்குப் போக பத்து நாள் இருக்கையில் எடுத்தது ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினால் அதன் விலையை யாரோ எங்கோ உயிரால் கொடுக்க நேரிடும். அதனால்தான் இந்த எச்சரிக்கை.

ஏமன் தன் உணவில் ஏறக்குறைய 90 சதவீதத்தை இறக்குமதி செய்கிற நாடு. மக்களில் பெரும்பகுதியினர் வாழும் வடக்குப் பகுதி ஹூதிகள் கையில். பயங்கரவாதப் பட்டியலில் உள்ள அமைப்போடு கொடுக்கல் வாங்கல் வைத்தால் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். அப்புறம் எந்த வங்கி இறக்குமதிக்குக் கடன் உறுதிக் கடிதம் கொடுக்கும்? எந்தக் கப்பல் கம்பெனி கோதுமையை ஏற்றிக்கொண்டு போகும்? பெரும் பஞ்சம் வரும், நாற்பது ஆண்டுகளாக உலகம் காணாத அளவில் வரும் என்று ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளின் தலைவர் மார்க் லோகாக் பாதுகாப்புக் கவுன்சிலிலேயே எச்சரித்தார். அடுத்து வந்த பைடன் அரசு பிப்ரவரி 16 அன்று அந்த முடிவை ரத்து செய்தது. நான்கே வாரத்தில் ரத்தானது என்று நிம்மதி அடைய வேண்டாம். ரத்து செய்ததற்காக, ‘பயங்கரவாதிகளிடம் இளகியவர்’ என்ற பழியைப் புதிய அதிபர் சுமந்தாக வேண்டும். வைத்த பொறி அதுதான். பின்னால் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கியபோது அந்தப் பழி உரக்கவே ஒலித்தது.

இரண்டரை மாத இடைவெளி

நம் ஊரில் இந்த ஆபத்து எளிதில் புரியாது. 2014-ல் மே 16 அன்று ஓட்டு எண்ணினார்கள். மே 26 அன்று புதிய பிரதமர் பதவியேற்றார். பிரிட்டனில் பெரும்பாலும் மறுநாளே ஆள் மாறிவிடுவார். அமெரிக்காவில் நவம்பர் தொடக்கத்தில் தேர்தல், ஜனவரி 20 அன்றுதான் பதவியேற்பு. முன்பு மார்ச் 4 வரை நீண்ட இந்த இடைவெளியை 1933-ல் நிறைவேறிய 20-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் சுருக்கியது. சுருக்கியும் ஏறக்குறைய இரண்டரை மாதம் மிச்சம் இருக்கிறது.

அந்த இரண்டரை மாதமும் பழைய அதிபரின் அதிகாரத்தில் ஒரு துளிகூடக் குறையாது. மக்களிடம் மறுபடி ஓட்டுக் கேட்டுப் போகவேண்டிய பயம் மட்டும் போய்விடுகிறது. உள்நாட்டில் ஒரு வரியை மாற்றக்கூட அமெரிக்க காங்கிரஸின் ஒப்புதல் வேண்டும். வெளியுறவில் பல விஷயங்களுக்குப் பேனா இருந்தால் போதும். ஒரு நாட்டை அங்கீகரிக்கலாம், ஓர் அமைப்பைத் தடை செய்யலாம், படையை அனுப்பலாம், திரும்ப அழைக்கலாம். ஆகவே போகிற அதிபரின் கை இயல்பாகவே வெளிநாட்டுப் பக்கம் நீளுகிறது.

கியூபா: இரு கட்சிக்கும் ஒரே ஓட்டுக் கணக்கு

இது ட்ரம்ப் என்ற ஒரு மனிதரின் குணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கியூபாவின் கதையைப் பாருங்கள்.

பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலில் கியூபாவை அமெரிக்கா 1982-ல் சேர்த்தது. 2015-ல் ஒபாமா நீக்கினார். 2021 ஜனவரி 11 அன்று, ஆட்சி முடிய ஒன்பது நாள் இருக்கையில், ட்ரம்ப் அரசு மறுபடி சேர்த்தது. பைடன் வந்தார். நான்கு ஆண்டுகள் அந்தப் பட்டியலைத் தொடவில்லை. 2021 ஜூலைப் போராட்டங்களைக் கியூபா அரசு ஒடுக்கியது உண்மை. அது தயக்கத்துக்கு ஒரு காரணம். ஃப்ளோரிடாவில் வாழும் கியூப வம்சாவளி வாக்காளர்கள் இன்னொரு காரணம் என்பதை வாஷிங்டனில் அறியாதவர் இல்லை. 2024 நவம்பரில் தேர்தல் முடிந்தது, அவர் கட்சி தோற்றது. 2025 ஜனவரி 14 அன்று, போவதற்கு ஆறு நாள் முன்னால், கியூபாவை நீக்குவதாக பைடன் அறிவித்தார். கடந்த ஆறு மாதங்களில் அந்த நாடு பயங்கரவாதத்துக்கு எந்த உதவியும் செய்யவில்லை என்று சான்றும் அளித்தார். ஜனவரியில் உண்மையான இந்தச் சான்று, ஓட்டுப்பதிவுக்கு முந்தைய அக்டோபரில் மட்டும் பொய்யாகவா இருந்தது?

கத்தோலிக்கத் திருச்சபையின் முயற்சியால், 553 கைதிகளைப் படிப்படியாக விடுவிப்பதாக கியூபா அன்றே ஒப்புக்கொண்டது. ஜனவரி 20 அன்று, பதவியேற்ற முதல் நாளிலேயே ட்ரம்ப் அந்த நீக்கத்தை ரத்து செய்தார். கைதிகள் விடுதலை சில வாரம் நின்று, பிறகே தொடர்ந்தது. வீட்டு வாசலில் பிள்ளைக்காகக் காத்திருந்த தாய்மார்களை அந்தச் சில வாரங்கள் என்ன பாடு படுத்தியிருக்கும்? பட்டியலில் பெயர் இருக்கும்வரை வெளிநாட்டு வங்கிகள் கியூபாவோடு பணப் பரிமாற்றம் செய்யத் தயங்குகின்றன. மருந்து வாங்கவும் எண்ணெய் வாங்கவும் அந்தத் தயக்கமே முட்டுக்கட்டை. ஒருவர் போகும்போது சேர்க்கிறார், அடுத்தவர் போகும்போது நீக்குகிறார், முன்னவர் திரும்பி வந்து ரத்து செய்கிறார். நடுவில் கிடந்து நசுங்குவது ஒரு கோடி மக்கள் உள்ள தீவு.

அடுத்தவர் நிலத்தை வைத்து ஒரு பேரம்

2020 டிசம்பர் 10 அன்று, மேற்கு சகாரா முழுவதும் மொராக்கோவுக்கே சொந்தம் என்று ட்ரம்ப் அங்கீகரித்தார். அதே நாளில் மொராக்கோ இஸ்ரேலுடன் உறவுக்கு ஒப்புக்கொண்டது. இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே தான் ஏற்படுத்திய ஒப்பந்தங்களின் வரிசையில் இன்னொரு பெயரைச் சேர்க்க ட்ரம்ப் விரும்பினார். சரித்திரத்தில் இடம் பிடிக்கும் ஆசை. அதற்குக் கொடுத்த விலை அவருடையதும் இல்லை, இஸ்ரேலுடையதும் இல்லை. ஸ்பெயின் 1970-களில் விட்டுப் போன அந்தப் பாலைநிலத்தின் மக்களுக்கு, தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று 1991 போர்நிறுத்தத்தின்போது ஐ.நா. வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. அகதிகளாக வெளியேறியவர்கள் அல்ஜீரியாவின் டிண்டூஃப் முகாம்களில் தலைமுறை தாண்டியும் காத்திருக்கிறார்கள்.

ட்ரம்பின் சொந்தக் கட்சி செனட்டர் ஜிம் இன்ஹோஃப் வெளிப்படையாகக் கண்டித்தார். மேற்கு சகாராவுக்கு ஐ.நா. தூதராக இருந்தவரும் குடியரசுக் கட்சியின் மூத்த தலைவருமான ஜேம்ஸ் பேக்கரும் எதிர்த்தார். ஆனால் பைடன் அதை ரத்து செய்யவில்லை. ரத்து செய்தால் மொராக்கோ முகம் சுளிக்கும், இஸ்ரேல் உறவு முறியும். ஒரே நாளில் எழுதப்பட்ட அறிவிப்பு இப்படித்தான் ஒரு நாட்டின் நிலையான கொள்கை ஆகிறது.

நல்ல நோக்கத்திலும் ஆபத்து உண்டு

எல்லாக் கடைசி நேர முடிவும் சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. சில நேரம் மனசாட்சியே தாமதமாக விழிக்கிறது. இஸ்ரேலியக் குடியேற்றங்களைக் கண்டிக்கும் தீர்மானம் 2011 பிப்ரவரியில் பாதுகாப்புக் கவுன்சிலுக்கு வந்தபோது ஒபாமா அரசு வீட்டோ செய்தது. மற்ற 14 நாடுகளும் ஆதரித்த தீர்மானம் அது. அடுத்த ஆண்டு அவருக்கு மறுதேர்தல். 2016 டிசம்பர் 23 அன்று அதே பொருளில் தீர்மானம் வந்தது. இப்போது அமெரிக்கா வாக்களிக்காமல் விலகி நிற்க, தீர்மானம் நிறைவேறியது. ஆட்சி முடிய நான்கு வாரம் இருந்தது. அந்த ஐந்தாண்டு பத்து மாதத்தில் மாறியது குடியேற்றங்களின் நியாயமா, அதிபரின் தேர்தல் நிலவரமா? நியாயம் என்று அன்றே தெரிந்திருந்தால் அன்றே செய்திருக்க வேண்டும். தானே இருந்து காத்து நடத்த முடியாத நேரத்தில் செய்த நியாயம் பாலஸ்தீனர்களுக்குக் காகிதமாகவே நின்றது. அடுத்த டிசம்பருக்குள் ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகராக அங்கீகரித்துவிட்டார் ட்ரம்ப்.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் கிளிண்டன் கையெழுத்திட்டது 2000 டிசம்பர் 31 அன்று. செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்பப் பரிந்துரைக்கப் போவதில்லை என்றும் சேர்த்தே சொன்னார். 2002 மே மாதம், அந்தக் கையெழுத்துக்குத் தாங்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்று இளைய புஷ் அரசு ஐ.நா.வுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது.

சோமாலியா இதைவிடக் கசப்பான பாடம். தேர்தலில் தோற்ற மூத்த புஷ், 1992 டிசம்பர் 4 அன்று, பட்டினியால் செத்துக்கொண்டிருந்த அந்த நாட்டுக்குப் படை அனுப்புவதாக அறிவித்தார். நோக்கம் உயர்ந்தது; உணவு போய்ச் சேர்ந்தது, உயிர்கள் பிழைத்தன. ஆனால் எப்போது, எப்படித் திரும்புவது என்ற தலைவலி புதியவர் தலையில் விழுந்தது. 1993 அக்டோபரில் மொகதிஷு தெருக்களில் நடந்த சண்டையில் 18 அமெரிக்க வீரர்களும் நூற்றுக்கணக்கான சோமாலியர்களும் மாண்டார்கள். 28 ஆண்டு கழித்து, 2020 டிசம்பரில் அதே தேதியில், தோற்றுப்போன இன்னோர் அதிபரின் உத்தரவாக சோமாலியாவிலிருந்து படையை வெளியேற்றும் அறிவிப்பு வந்தது. 2022-ல் பைடன் மறுபடி அனுப்பினார்.

ஆட்சி மாறும் இந்த இடைவெளியை அமெரிக்காவின் எதிராளிகளும் கூர்ந்து கவனிக்கிறார்கள். அமெரிக்கா கொடுத்த நீண்டதூர ஏவுகணைகளால் ரஷ்ய மண்ணைத் தாக்க உக்ரைனுக்கு பைடன் அனுமதி அளித்த செய்தி 2024 நவம்பர் 17 அன்று வந்தது. இரண்டே நாளில் புதின் தன் அணு ஆயுதக் கோட்பாட்டைத் திருத்திக் கையெழுத்திட்டார். நவம்பர் 21 அன்று உக்ரைனின் நிப்ரோ நகரத்தின் மீது புதுவகை ஏவுகணை ஒன்று பாய்ந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பதவி முடியும்வரை அவர்தானே அதிபர், முடிவெடுக்க உரிமை இல்லையா என்று கேட்கலாம். உரிமை உண்டு. சீனாவில் உய்குர் மக்களுக்கு நடப்பது இனப்படுகொலை என்று 2021 ஜனவரி 19 அன்று பாம்பியோ அறிவித்ததை, அடுத்து வந்த வெளியுறவு அமைச்சர் பிளிங்கனும் ஏற்றுக்கொண்டார். ஆகவே தேதியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் தேதியைப் பார்த்ததும் சந்தேகப்பட வேண்டும். இந்த நான்கையும் சரிபாருங்கள்:

1. இத்தனை ஆண்டு கையில் இருந்த அதிகாரத்தை ஏன் இப்போது பயன்படுத்துகிறார்? புதிதாக நடந்தது என்ன? உருப்படியான பதில் இல்லையென்றால் காரணம் உள்நாட்டு அரசியல்தான்.

2. உள்நாட்டில் யார் கைதட்டுகிறார்கள்? எந்த மாநில வாக்காளர், எந்த நன்கொடையாளர், அடுத்த தேர்தலுக்கு ஆசைப்படும் எந்த அமைச்சர்?

3. ரத்து செய்தால் புதியவருக்கு என்ன பழி வரும்? முடிவைவிட அதை ரத்து செய்வது அதிகச் சேதம் தரும்படி அமைந்திருந்தால் அது பொறியேதான்.

4. அடி யாருக்கு? பெரும்பாலும் அமெரிக்காவில் ஓட்டே இல்லாத மக்களுக்கு. அவர்கள் பெயர் செய்தியில் வருகிறதா என்று தேடுங்கள். வரவில்லையென்றால் செய்தி பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது.

நம் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வாஷிங்டன் அறிக்கையை அப்படியே மொழிபெயர்த்துப் போடாதீர்கள். ‘பயங்கரவாதத்துக்கு எதிராக அதிரடி’, ‘வரலாற்றுச் சிறப்புமிக்க சமாதானம்’ என்ற தலைப்புகள் அவர்கள் எழுதித் தருபவை. ஆட்சி முடிய எத்தனை நாள் இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். வளைகுடாவில் பிழைக்கும் பிள்ளைகளும், செங்கடல் வழியே போகும் நம் சரக்கும், பெட்ரோல் விலையும் அந்தக் கையெழுத்துகளோடு பிணைந்தவை.

அமெரிக்காவின் அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7. பதவியேற்பு 2029 ஜனவரி 20. 22-வது திருத்தப்படி இன்றைய அதிபர் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட முடியாது. யார் ஜெயித்தாலும், மறுபடி ஓட்டுக் கேட்க வேண்டாத ஒருவர் கையில் அந்தப் பேனா பத்து வாரத்துக்கு மேல் இருக்கும். முடிவு வந்த இரவோடு தேர்தல் செய்தியை மறந்துவிடாதீர்கள். உண்மையில் கண்ணை விழித்துப் பார்க்க வேண்டிய காலம் அன்றுதான் தொடங்குகிறது.