குறும்பைக் கண்டுபிடிக்கும் ஒரு கிலோ எடை

நாய்களுக்கும் தடை ஓட்டப் போட்டி உண்டு. அதற்கு 'அஜிலிட்டி' என்று பெயர். 1978ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகளின் தடைதாண்டும் போட்டியை ஒட்டி அமைக்கப்பட்ட ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாக இது அறிமுகமாயிற்று. இன்று பல நாடுகளில் நாய் வளர்ப்போர் வார இறுதியில் கூடி, பொழுதுபோக்காக இதை நடத்துகிறார்கள். நாய் குறுக்குக் கம்பங்களைத் தாண்டும். குழாய்க்குள் புகுந்து வெளிவரும். நட்டுவைத்த கழிகளுக்கிடையே வளைந்து ஓடும். சீசாப் பலகையில் ஏறி மறுபுறம் இறங்கும்.

பல இடங்களில் முதல் நாள் மாலையே திடலில் தடைகளை அமைத்துவிடுவார்கள். இரவு முழுவதும் அவை திறந்தவெளியில் கிடக்கும். அந்த நேரத்தில் யாருக்கேனும் குறும்பு செய்யத் தோன்றினால் என்ன ஆகும்?

தடைகளின் வரிசை எண்களை இடம் மாற்றி வைப்பது ஒரு வகைக் குறும்பு. ஓட்டத்துக்கு முன், நாயில்லாமல் பாதையை நடந்து பார்க்க உரிமையாளர்களுக்கு நேரம் தரப்படும். அப்போதே குட்டு வெளிப்பட்டுவிடும். எல்லோரும் சிரித்துவிட்டு எண்களைச் சரிசெய்வார்கள். ஆனால் சீசாப் பலகையின் அடியில் ஒரு கல்லைக் கட்டிவிட்டால்? அது கண்ணுக்குத் தெரியாது. விளைவும் சிரிப்புக்குரியதன்று.

கணக்கிட்டுப் பார்ப்போம். பலகையின் நீளம் 3.60 மீட்டர் என்று கொள்வோம். சுழல்புள்ளி நடுவில் உள்ளது. நாய் ஏறும் முனை எப்போதும் தரையில் இருக்குமாறு அந்தப் பக்கம் சற்றே கனமாக அமைக்கப்பட்டிருக்கும். அந்த முனையில் அரை கிலோ கல்லைக் கட்டினால், அதன் திருப்புத்திறன் 0.5 × 1.8 = 0.9 அளவு கூடும். (புவியீர்ப்பு முடுக்கம் இரு பக்கத்துக்கும் பொது என்பதால் அதை விட்டுவிட்டோம்.)

இதை ஈடுசெய்ய, நாய் நடுப்புள்ளியைத் தாண்டி வழக்கத்தைவிடக் கூடுதல் தொலைவு செல்லவேண்டும். 20 கிலோ நாய்க்கு அது 0.9 ÷ 20, அதாவது 4.5 செ.மீ. மட்டுமே. 5 கிலோ நாய்க்கோ 18 செ.மீ.! பெரிய நாயை ஏற்றிப் பார்த்தவர் "பலகை நன்றாகத்தான் இருக்கிறது" என்பார். சிறிய நாயோ, பலகை தாழும் என்று பழகிய இடத்தில் அது தாழாமல் நிற்பதைக் கண்டு திகைக்கும். நிலைதடுமாறி மேலிருந்து குதித்தால் காலில் அடிபடலாம். அடிபடாவிட்டாலும், ஒரு முறை அஞ்சிய நாய் பிறகு சீசாவில் ஏறவே மறுக்கக்கூடும். என்ன நேர்ந்தது என்று அதனால் சொல்லவும் முடியாது.

காவலுக்கு வழி உண்டு. திடலைச் சுற்றி அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, எதிரே ஓர் ஒளியுணரியை வைக்கலாம். யாரேனும் குறுக்கிட்டால் கதிர் தடைப்படும், மணி ஒலிக்கும். இத்தகைய கருவிகளில் மின்னோட்டம் இடைவிடாது பாயும்படி சுற்றை அமைப்பார்கள். ஓட்டம் நின்றால்தான் மணி அடிக்கும். எனவே கம்பியை வெட்டினாலும் குட்டு உடைந்துவிடும். பூனையோ பறவையோ குறுக்கே வந்து வீணாக மணியடிக்காமலிருக்க, ஒன்றன்மேல் ஒன்றாக இரு கதிர்களைச் செலுத்தி, இரண்டும் ஒரே நேரத்தில் தடைப்பட்டால் மட்டும் ஒலிக்கச் செய்வதுண்டு.

ஆனால் இந்தக் கதிர் தடுக்காத குறும்பர்களும் இருக்கிறார்கள். இரவுப் பனி மரப்பலகையில் ஊறி எடையைக் கூட்டும். மழையில் மண் இளகித் தாங்கியின் கால் புதையும். துரு ஏறினால் அச்சில் உராய்வு மிகும். இவற்றுக்கெல்லாம் மணி அடிக்காது.

ஆகவே காலையில் அளந்து பார்ப்பதே உறுதியான காவல். பன்னாட்டு நாயின அமைப்பான எஃப்.சி.ஐ.யின் 2012ஆம் ஆண்டு விதிகளில் இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பலகையின் இறங்கும் பக்கத்தின் நடுவில் 1 கிலோ எடையை வைத்தால், 3 முதல் 4 விநாடிக்குள் பலகை சாயவேண்டும். நமது பலகையில் அதன் திருப்புத்திறன் 1 × 0.9 = 0.9. கட்டிய கல்லின் திருப்புத்திறனும் அதுவே! இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் பலகை அசையாது. குறும்பு செய்தவர் யார் என்று இச்சோதனை சொல்லாது. நாயை ஏற்றலாமா கூடாதா என்பதைச் சொல்லிவிடும். ஏறப்போகும் சிறிய நாய்க்கு வேண்டியது அதுதான்.

நீங்களும் செய்து பாருங்கள். ஓர் உருண்டைப் பென்சிலை, உருளாதபடி மேசையில் களிமண்ணால் பொருத்துங்கள். 30 செ.மீ. அளவுகோலின் நடுப்பகுதியை அதன்மேல் வையுங்கள். ஒரு முனையில் சிறிது களிமண்ணை ஒட்டுங்கள். மறுபக்கத்தில் ஒரு நாணயத்தை மெல்ல நகர்த்தி, அளவுகோல் சாயும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, களிமண்ணை இன்னும் கொஞ்சம் கூட்டி மீண்டும் பாருங்கள். அடுத்து, இரண்டு நாணயங்களை அடுக்கி இதையே செய்யுங்கள். இரண்டாம் முறை சாயும் இடம் எவ்வளவு குறைவாக நகர்கிறது? காரணத்தை நீங்களே கணக்கிட்டுச் சொல்லலாம்.