எல்ட்ரிச்: ஒரு சொல்லுக்குள் ஓர் அயல்நாடு

ஆங்கிலத்தில் திகில் கதை படிப்பவர்களுக்கு 'எல்ட்ரிச்' என்ற சொல் நன்றாகவே தெரிந்திருக்கும். பாழடைந்த மாளிகையில் கேட்கும் ஓசை, கடலடியில் உறங்கும் பூதம், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத வெளிச்சம், எல்லாவற்றுக்கும் இந்த அடைமொழிதான். அமானுஷ்யமான, நடுங்கவைக்கிற என்று அகராதிகள் பொருள் சொல்லும். ஆனால் இந்தச் சொல்லின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அங்கே பயம் இல்லை. ஒரு நாடுதான் இருக்கிறது. எல்லையும் குடிகளும் அதிகாரமும் உள்ள ஒரு நாடு.

முதல் தடயங்கள் ஸ்காட்லாந்தில் கிடைக்கின்றன. 1508-ல் எடின்பரோவில் செப்மன், மில்லர் என்ற இருவர் அந்நாட்டின் முதல் அச்சகத்தை நடத்திவந்தார்கள். அங்கே அச்சான நூல்களில் ஒன்று வில்லியம் டன்பாரின் 'தங்கக் கேடயம்'. அந்தக் கனவுக் கவிதையில் தேவர்கள் கூட்டமாக வருகிறார்கள். பாதாள அரசன் புளூட்டோ பச்சை அங்கி போர்த்தி வருகிறான். அவனைத்தான் டன்பார் 'எல்ரிச்' என்கிறார். இடைக்கால ஆங்கிலக் கதைகள் சிலவற்றில் புளூட்டோ தேவதைகளின் மன்னனும்கூட. ஆக, வேறோர் உலகத்தை ஆள்பவனுக்கே இந்த அடைமொழி வாய்த்திருக்கிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1513-ல், கேவின் டக்ளஸ் வர்ஜிலின் 'ஏனீட்' காவியத்தை ஸ்காட்ஸ் மொழியில் பெயர்த்து முடித்தார். நெற்றியில் ஒற்றைக் கண் கொண்ட சைக்ளோப்ஸ் அரக்கர்களை அவர் 'எல்ரிச்' சகோதரர்கள் என்கிறார். குளிர்காலத்தை வர்ணித்து அவரே எழுதிச் சேர்த்த முன்னுரைப் பாடலில், வளைந்த அலகுடைய ஆந்தையின் அலறலுக்கும் இதே சொல்லைத் தருகிறார். அரசன், அரக்கன், ஆந்தை மூவருக்கும் பொதுவானது ஒன்றுதான்: மூவரும் நம் பக்கத்து ஆட்கள் அல்ல.

இனிச் சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். பின்பாதி பழைய ஆங்கிலத்தின் 'ரீச்சே'. அரசு, ஆளுகை என்று பொருள். ஜெர்மன் மொழியின் 'ரைக்' இதன் உடன்பிறப்பு. இலத்தீனின் 'ரெக்ஸ்', சமஸ்கிருதத்தின் 'ராஜன்' எல்லாம் தூரத்துச் சொந்தம். வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த 'ராஜ்ஜியம்' என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

முன்பாதியில்தான் அறிஞர்கள் இரண்டு பட்சமாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் அதை 'எல்ஃப்' என்கிறார்கள். எல்ஃப் என்பது வடஐரோப்பியத் தொன்மங்களில் வரும் மாயக்குடி. அப்படியானால் சொல்லின் பொருள் 'எல்ஃபுகளின் அரசு'. மற்றவர்கள் அதை 'வேறு', 'அயல்' என்று பொருள்படும் பழைய முன்னொட்டு 'எல்' என்கிறார்கள். இன்றைய ஆங்கிலத்தின் 'எல்ஸ்', இலத்தீன் வழிவந்த 'ஏலியன்' இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. ஜெர்மன் மொழியில் 'எலெண்ட்' என்றால் இன்று துயரம். ஆதியில் அதன் பொருள் 'வேற்று நிலம்'. சொந்த ஊரை விட்டுத் துரத்தப்பட்டவனின் நிலைதான் துயரத்துக்கே பெயராகிவிட்டது. இந்த வழியில் போனால் எல்ட்ரிச் என்பது 'வேற்று அரசு'. பழைய ஆங்கில ஏடுகள் எதிலும் இந்தக் கூட்டுச்சொல் கிடைக்கவில்லை. ஒலிமாற்ற விதிகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்துதான் மொழியியலாளர்கள் இதைக் கண்டடைந்தார்கள்.

'எல்ரிச்' எப்படி 'எல்ட்ரிச்' ஆனது? அதற்கு நம் வாயே சாட்சி. ல் சொல்லும்போது நாக்கின் நுனி மேலண்ணத்தைத் தொட்டிருக்கும், காற்று நாவின் இரு பக்கங்களிலும் வழியும். அடுத்து ர் வர வேண்டும் என்றால் நுனி விலக வேண்டும். நுனி விலகுவதற்கு ஒரு நொடிக்கூறு முன்னதாகவே பக்கங்கள் மூடிக்கொண்டால், இடையில் ஒரு ட் தானாகவே முளைக்கிறது. ஆல்டர் மரத்துக்குப் பழைய ஆங்கிலப் பெயர் 'அலர்'. அதற்குள்ளும் இப்படித்தான் ட் புகுந்தது.

முன்பாதி எல்ஃபா, அயலா என்ற வழக்கு எப்படி முடிந்தாலும், அந்தக் காலத்து மக்களுக்கு இரண்டும் வெகுதூரமில்லை. எல்ஃப் அவர்களுக்குக் குழந்தைக் கதையின் குட்டி உருவம் அல்ல. 899-ல் இறந்த ஆல்ஃபிரட் மன்னனின் பெயருக்கே 'எல்ஃபின் அறிவுரை' என்றுதான் பொருள். பிள்ளைக்கு ஆசையோடு வைக்கிற பெயரில் இடம்பெறும் அளவுக்கு அந்தக் குடிக்கு மதிப்பு இருந்திருக்கிறது. அதே குடிதான் நோயும் தரும். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமையான மருத்துவச் சுவடி ஒன்றில், திடீரென்று சுருக்கெனக் குத்தும் வலிக்கு வைத்தியம் இருக்கிறது. ஃபீவர்ஃபியூ மூலிகை, வீட்டுக்குள் நுழைந்து வளரும் சிவப்புக் காஞ்சொறி, வழியோரப் பூண்டு மூன்றையும் வெண்ணெயில் காய்ச்சி, மந்திரம் சொல்ல வேண்டும். தேவர்கள் எய்த அம்பானாலும், எல்ஃபுகள் எய்ததானாலும், சூனியக்காரிகள் எய்ததானாலும் வெளியே வரட்டும் என்பது மந்திரத்தின் சாரம்.

அந்த அம்புகள் கைக்கும் கிடைத்தன! ஸ்காட்லாந்து உழவர்கள் நிலத்தை உழும்போது, இலை வடிவத்தில் கூராகச் செதுக்கிய சிறு சிக்கிமுக்கிக் கற்களைக் கண்டெடுத்தார்கள். புதிய கற்கால வேட்டைக்காரர்களின் அம்புமுனைகள் அவை. உழவர்களோ அவற்றை 'எல்ஃப் அம்பு' என்றார்கள். சிலர் வெள்ளியில் பதித்துத் தாயத்தாக அணிந்தார்கள். மாடு நோயுற்றால் அந்தக் கல்லை நனைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள்.

ராபர்ட் பர்ன்ஸ் 1791-ல் வெளியிட்ட 'டாம் ஓ ஷாண்டர்' கவிதையிலும் அந்த வேற்று நாட்டுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஆலோவே கிராமத்துத் தேவாலயத்தில் ஆடிக்கொண்டிருந்த சூனியக்காரிகள், தங்களை ஒளிந்து பார்த்த டாமை 'எல்ட்ரிச்' ஓலத்தோடு துரத்துகிறார்கள். அவன் தப்ப ஒரே வழி டூன் ஆற்றுப் பாலத்தின் நடுப்பகுதியைத் தாண்டுவது. ஓடும் நீரின் பாதிக்கு மேல் அவர்களால் வர முடியாது. குதிரை வாலை இழக்கிறது, டாம் பிழைக்கிறான். அந்தப் பாலம் இன்றும் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் தம் திகில் கதைகளில் இந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கையாண்டு உலகெங்கும் பரப்பினார். அவருடைய பூதங்கள் விண்மீன்களுக்கு அப்பாலிருந்து வருபவை. வேற்றுலகம் என்ற பழைய பொருள் அங்கும் அழியவில்லை. அழிந்தது அந்த உலகத்தோடு நமக்கிருந்த உறவு. லவ்கிராஃப்டின் வேற்றுலகத்துக்கு முன்னால் மனிதன் செய்யக்கூடியது ஏதுமில்லை. பழைய ஸ்காட்லாந்து உழவனுக்கோ அது அண்டை அரசு. அதன் குடிகளுக்கு எல்லை உண்டு, அதன் அம்புக்கு மருந்து உண்டு, அதன் பெயரைத் தன் குழந்தைக்கே சூட்டிய முன்னோரும் உண்டு. புரியாததைப் பார்த்து நடுங்கி நிற்காமல், அதையும் ஒரு நாடாக நினைத்து, அதன் சட்டதிட்டங்களைத் தெரிந்துகொண்டு அருகிலேயே வாழ்ந்த மனிதர்களின் துணிவுதான் இந்தச் சொல்லில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.