2,800 டிகிரி தாங்கும் கல், 1,600 டிகிரியில் தேய்வது ஏன்? எஃகு உலைக்குள் நடப்பது என்ன?

ஆக்சிஜன் ஊதி எஃகு தயாரிக்கும் 'எல்டி கன்வெர்ட்டர்' உலையின் உள்சுவர், மெக்னீசியாவும் கார்பனும் கலந்த கல். மெக்னீசியா உருக சுமார் 2,800 டிகிரி செல்சியஸ் வேணும். உலைக்குள் இருப்பதோ 1,600 டிகிரியைத் தாண்டிய சூடுதான். அப்புறம் ஏன் தேயுது?

காரணம், எஃகின் மேல் மிதக்கும் கசடு. உப்பு உருக 801 டிகிரி வேணும். ஆனா ரசத்தில் போட்டா கரைஞ்சிடும். அதே கதைதான் இங்கேயும். கசடில் உள்ள இரும்பு ஆக்சைடு, கல்லில் இருக்கும் கார்பனை அரிக்கும். அந்த இடைவெளியில் கசடு புகுந்து மெக்னீசியாவைக் கரைக்கும்.

தீர்வு? டோலமைட் சேர்த்து, கசடுக்கு வேண்டிய மெக்னீசியாவை முன்கூட்டியே கொடுத்துடுறாங்க. உப்பு நிறைஞ்ச தண்ணியில் மேலும் உப்பு கரையாதே!

கல் முழுசா தேய்ந்தால், வெளிக்கூடு ஓட்டையாகி உருகிய எஃகு வெளியே பாயும். பக்கத்தில் நிற்கும் தொழிலாளர்களின் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கல்லின் தடிமனை லேசரால் அளந்து பார்க்கிறார்கள்.